பூவாடைக்காரி இருந்த வீடு

வாடகை வீட்டில் செத்துவிடக் கூடாது. என் வீட்டுக்காரருக்கு இருந்த பயமெல்லாம் இது ஒன்றுதான். ஊரில் மனுஷர்கள் பேய்க்குப் பயப்படுவார்கள், போலீசுக்குப் பயப்படுவார்கள். இவர் செத்த பிறகு வீட்டுச் சொந்தக்காரர் என்ன செய்வாரோ என்று பயந்தார். கேட்டால் சிரிப்பு வரும். ஆரணிக் கோட்டையை ஒட்டிய தெருக்களில் ஒண்டிக் குடித்தனம் இருந்தவர்களுக்கு மட்டும் வராது.

எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணம் ஆனது. போளூர்ப் பக்கம் எங்கள் ஊர். அவருக்குச் சேத்துப்பட்டு தாண்டி ஒரு கிராமம். நிலத்தில் அண்ணன் தம்பிக்குள் ஒத்துப்போகாமல் ஆரணிக்கு வந்து ஒரு சாயப்பட்டறையில் சேர்ந்திருந்தார். பட்டு நூலைச் சோடாக்காரம் போட்டு அவித்துப் பசை போக்கி, அப்புறம் கொதிக்கிற சாயத்தில் முக்கி முக்கி எடுக்க வேண்டும். நாள் முழுக்க ஆவியில் நிற்கிற வேலை. அவர் கைகளைப் பார்த்தே அந்த வாரம் எந்த நிறத்துப் புடவைக்கு ஆர்டர் வந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். கையில் ஏறிய நிறம் ஞாயிற்றுக்கிழமைக்குள் கொஞ்சம் வெளுக்கும். நெஞ்சில் ஏறியது வெளுக்கவில்லை. கல்யாணமான சில வருஷங்களிலேயே இழுப்பு வந்துவிட்டது.

நாங்கள் இருந்தது நாலைந்து குடித்தனங்கள் உள்ள பழைய வீடு. ஒரு கிணறு, ஒரு கக்கூஸ், ஒரு வீட்டுக்காரம்மா. அந்த அம்மாள் கிணற்றடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகியிருப்பாள். நாம் குடத்தோடு போய் நின்றால், ஏதோ சொத்தை எழுதிக் கேட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு திறந்து விடுவாள். இவர் இருமல் அதிகமானதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள்.

"இன்னாம்மா, உன் வூட்டுக்காரரு எந்நேரமும் இருமிகினே கீறாரு. டி.பி.யா இருக்கப் போவுது. கொயந்தைங்க இருக்கிற வூடு."

"டி.பி. இல்லீங்க, இழுப்பு. டாக்டரே சொல்லிட்டாரு."

"டாக்டருக்கு இன்னா, அவுரா இங்க குடியிருக்கிறாரு?"

இந்த மாதிரி பேச்சு கேட்டே மூன்று வீடு மாறினோம். மூன்றும் கூப்பிடு தூரத்துக்குள்தான். பட்டறைக்கு அவரால் அதற்கு மேல் நடக்க முடியாது. கடைசியாக இருந்த வீட்டில் பக்கத்துப் போர்ஷனில் ஓர் ஓட்டல் மாஸ்டர் இருந்தார். நல்ல மனுஷர். பண்டிகை நாளில் வடை கட்டிக் கொண்டுவந்து எல்லாக் குடித்தனத்துக்கும் கொடுப்பார். ஒரு மழை நாளில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டார். வீட்டுச் சொந்தக்காரர் வந்து நின்ற நிலையில் சொன்னார்.

"பொணத்தை உள்ள வெச்சா அப்புறம் இந்தப் போர்ஷனுக்கு எவன் வருவான்? ஜல்தி வெளிய எடுங்கப்பா."

மாஸ்டரைச் சந்தில், சாக்கடை ஓரமாக ஒரு பெஞ்சில் கிடத்தினார்கள். மழைக்கு மேலே ஒரு தார்ப்பாய். அவர் பெண்டாட்டி பிள்ளைகள் சாக்கடைத் தண்ணீரில் நின்று அழுதார்கள். இவரும்தான் தூக்கப் போனார். திரும்பி வந்தவர் சோற்றைத் தொடவில்லை.

"என்னையும் இப்படித்தானே மே போடுவாங்க?" என்றார்.

"வாயைக் கழுவுங்க" என்று எரிந்து விழுந்தேன். வேறு என்ன சொல்வது? அவர் கேட்டது பொய்யில்லையே.

அதற்குப் பிறகு அவருக்கு வேறு பேச்சே கிடையாது. சொந்தமாக ஒரு வீடு. கடைசி நாளில் யாரையும் கேட்காமல் படுக்க நமக்கென்று ஒரு கூடம். பிள்ளை குட்டி இல்லாதவர்கள் நாங்கள். யாருக்குச் சேர்த்து வைக்க வேண்டும்? என் நகையை விற்றோம். ஊரில் அவர் பங்கு நிலத்தைத் தம்பிக்கே விட்டுக்கொடுத்து வந்ததை வாங்கிக்கொண்டோம். எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம், கோட்டை அகழிக்குப் பின்னால் நெசவுக்காரர்கள் தெருவில் ஒரு பழைய வீடு விலைக்கு வந்தது.

முன்னால் அகலம் கொஞ்சம், உள்ளே நீளம் நீளமோ நீளம். ரயில்பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். நாட்டு ஓடு, மரத்தூண் கூடம், நடுவில் முற்றம், முற்றம் தாண்டி ஒரு சின்ன அறை, கடைசியில் கிணறு. இரண்டு பக்கச் சுவரும் பக்கத்து வீட்டுக்கும் பொது. அந்தப் பக்கம் தறி போட்டால் இந்தப் பக்கம் எங்கள் உறியில் தொங்குகிற பானை ஆடும். உத்தரத்தில் கறையான். மழை பெய்தால் எந்த இடத்தில் ஒழுகாது என்று தேட வேண்டும். இருந்தாலும் கிணறு இருந்ததே! பூட்டு இல்லாத கிணறு. நான் அதைத்தான் முதலில் எட்டிப் பார்த்தேன்.

வீடு அண்ணன் தம்பி இரண்டு பேருக்குச் சொந்தம். தம்பி எப்போதோ மெட்ராஸ் போய்விட்டவர். வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அண்ணன் செய்யாற்றில் துணிக்கடை வைக்கக் குடும்பத்தோடு கிளம்பிக்கொண்டிருந்தார். விலையை நாங்கள் குறைத்துக் கேட்கவே இல்லை, அவர்களே குறைத்தார்கள். அப்போதாவது புத்தி வேலை செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. தெருவில் ஒரு சனமும் மூச்சு விடவில்லை. பிறகு கேட்டதற்கு, "நீங்க எங்கம்மா கேட்டீங்க? கேட்டிருந்தா சொல்லியிருப்போமே" என்றார்கள்.

பத்திரம் பதிந்து வந்த அன்றைக்கு அண்ணன் பெண்சாதி என் கையைப் பிடித்து அந்தச் சின்ன அறைக்குக் கூட்டிப் போனாள். மூலையில் மஞ்சள் பூசிய ஒரு மூங்கில் பெட்டி. அதன் முன்னால் ஓர் அகல்.

"எங்க மாமனாரு தம்பி சம்சாரம்மா. தலைப்பிரசவத்துல இந்த வூட்டுலயே பூட்டா. எங்க பூவாடைக்காரி இவதான். நாங்க செய்யாருல வாடகை வூட்டுக்குப் போறோம். வாடகை வூட்டுல இவளைக் கொண்டு போய் வெக்கக் கூடாது. மனை வாங்கிகினு வூடு கட்டினதும் அழைச்சிகினு பூடுவோம். அதுவரிக்கும் ஒரு வெளக்கு மட்டும் ஏத்தும்மா."

எங்கள் பக்கத்தில் பூவாடைக்காரி என்றால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். பூவும் பொட்டுமாகச் செத்துப்போன பெண்ணைக் குடும்பத்துச் சாமியாக வைத்துக் கும்பிடுவது. அவளுக்கென்று ஒரு புடவை எடுத்துப் பெட்டியில் வைத்திருப்பார்கள். வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் கிணற்றடியில் அவளைக் கலசத்தில் அழைத்து வந்து, புதுப் புடவை சாத்தி, பொங்கல் வைத்த பிறகுதான் மற்ற வேலை. என் அம்மா வீட்டிலும் உண்டு. அதனால் எனக்குத் துளி பயமில்லை. பயமா? சந்தோஷப்பட்டேன். சுமங்கலியாகப் போனவள் விளக்கு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வீட்டில் என் தாலிக்கு என்ன கேடு வந்துவிடப் போகிறது! இவரும் அதையேதான் சொன்னார். "இருக்கட்டும்மே, நம்மளுக்கும் துணைதான்." வெளியூர்க்காரனாக இருந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போங்கள் என்று அன்றைக்கே சொல்லியிருப்பான். நாங்கள் எங்கே சொல்வது?

வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு ஏற்றினேன். அவர் மூச்சு சீராக வேண்டும் என்று அவளிடம் கேட்டேன். யார் வீட்டுப் பெண்ணோ, அவளிடம் போய் என் குறையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவருக்கு அந்த வீடு என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்பு கரைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஒரு சுவர் முடிப்பதற்குள் நாலு தரம் மூச்சு வாங்கும். ஒருநாள் கூடத்தில் நட்ட நடுவே மல்லாந்து படுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"தோ பாருமே. தலை இந்தப் பக்கம், தெற்கால. கால் அந்தாண்ட. தூண் இடிக்காது. சனம் உட்கார எடம் கீது பாரு."

"சீ! எழுந்திருங்க, சும்மா இருக்கிற வாய் அவலை மெல்லட்டும். பொரிச்சுத் தரேன்."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. ஆனால் அந்த மனுஷர் அவ்வளவு நிம்மதியாகப் படுத்திருந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், வீட்டை விற்ற அந்த அண்ணன் பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். என் வாசலில் பந்தல் போட்டார்கள், என் கிணற்றில் அவளை அழைத்தார்கள், என் அடுப்பில் பொங்கல் வைத்தார்கள். கல்யாணம் சத்திரத்தில். பெண்ணும் மாப்பிள்ளையும் நேராக வந்து பெட்டிக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார்கள். எனக்கும் ஒரு புடவை எடுத்துக் கொடுத்தார்கள். கல்யாண வீட்டுக்காரி மாதிரி நானும் ஓடியாடி வேலை செய்தேன். அப்போதுதான் பெண்ணின் அம்மா, பெட்டியை என்னிடம் விட்டுப்போன அந்த அம்மாள், பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: அவளை அழைத்துவிட்டால் பந்தல் பிரிக்கிறவரை அந்த வாசற்படிக்குள் சாவுத் தீட்டு வரக் கூடாது, வந்தால் தாலி கட்டிய பெண்ணுக்கு ஆகாது. இதுவும் எனக்குத் தெரிந்ததுதான். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன்.

செய்யாற்றில் மனை வாங்கினார்கள் என்று கேள்விப்பட்டோம். கல் இறங்கிவிட்டது என்றார்கள். அஸ்திவாரம் போட்டாயிற்று என்றார்கள். வருஷா வருஷம் கேட்டேன். "அடுத்த ஆவணிக்குள்ள முடிஞ்சிடும்மா" என்பாள். எந்த ஆவணியோ.

இதற்குள் இவர் பட்டறைக்குப் போவது நின்றுவிட்டது. நான் வீட்டில் பட்டு நூல் இழைத்துக் கொடுத்து வயிற்றைக் கழுவினோம். குளிர் வந்தால் அவரால் படுக்க முடியாது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே உட்கார்ந்திருப்பார். விலா எலும்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நானும் உட்கார்ந்திருப்பேன். இரண்டு பேருக்கும் தெரியும், பேசிக்கொள்ள மாட்டோம். ஒரே ஒரு தரம் சொன்னார்: "ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவாதமே. எது ஆனாலும் இங்கயே."

சரி என்றேன்.

அந்தத் தை மாசம் செய்யாற்றுக்காரர்கள் தங்கள் மகனுக்குக் கல்யாணம் வைத்தார்கள். நாள் குறித்துக்கொண்டு அந்த அம்மாள் பத்திரிகையோடு வந்தாள். இவர் கிடக்கிற கிடையைக் காட்டினேன்.

"யக்கா, இந்தத் தரம் செய்யாருலயே வெச்சுக்கக் கூடாதா? பெட்டியை எடுத்துகினு போயிடுங்களேன். இங்க இவரு நெலமை இப்படிக் கீது."

"மேல தளம் இன்னும் போடலியேம்மா. கூரை இல்லாத எடத்துல அவளை எப்படி வெக்கிறது? ஒண்ணும் ஆவாது. அவளே பாத்துக்குவா."

பந்தல் வந்தது. வாழைமரம் வந்தது. கிணற்றடியில் உடுக்கை அடித்து அழைத்தார்கள். அவர்கள் வீட்டு மருமகள் ஒருத்தி மேல் சாமி வந்தது. தலைமுடி அவிழ்ந்து, ஈரப் புடவையோடு ஆடிக்கொண்டே கூடத்துக்கு வந்தாள். எல்லாரும் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டார்கள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவள் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"தாயே, இத்தனை வருஷம் வெளக்கு ஏத்தினேனே. என் வூட்டுக்காரரு?"

"உன் மஞ்சளை நான் காப்பேன் போ" என்று என் நெற்றியில் மஞ்சளை அப்பினாள்.

நான் நம்பினேன். அழுதுகொண்டே போய் இவர் நெற்றியிலும் பூசினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் மூச்சு மேலுக்கு வந்துவிட்டது. உதடு நீலம். சாயத் தொட்டியிலிருந்து எடுத்த மாதிரி நகமெல்லாம் நீலம். வந்திருந்த சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. அந்த வீட்டுப் பெரியவர், விற்றவர்தான், என்னெதிரில் வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஆஸ்பத்திரில சேத்துடலாம்மா. ஆக்சிஜன் வெப்பாங்க. நாளைக்கு முகூர்த்தம். பந்தல் பிரிச்சதும் நானே போய் இட்டுகினு வரேன்."

தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு நெசவுக்காரர், எங்களுக்கு நல்லது கெட்டதுக்கு நிற்கிறவர், அவரும் சொன்னார்: "நல்ல காரியம் நடந்துகினு இருக்குதும்மா. அங்க ஊசி போட்டா மூச்சு அடங்கும்." அடங்கினாலும் அடங்கலாம் என்று எனக்கும் ஒரு நப்பாசை. எல்லாரும் சேர்ந்து தூக்கினார்கள். அவருக்குப் பேச்சு வரவில்லை. ரிக்‌ஷாவில் ஏற்றும்போது திரும்பித் திரும்பி வீட்டைப் பார்த்தார். "வந்துடலாங்க, வந்துடலாம்" என்று சொல்லிக்கொண்டே நானும் ஏறினேன்.

விடிந்து வெயில் ஏறியபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் போய்விட்டார். கட்டில்கூடக் கிடைக்கவில்லை, பாய்தான். நர்ஸ் நல்ல பெண். என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சேதி போய் அவர் தம்பி சேத்துப்பட்டிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். அவரை அங்கே உட்கார வைத்துவிட்டு நான் வீட்டுக்கு நடந்தேன். கேட்க வேண்டுமே. என் வீட்டுக்கு என் புருஷனைக் கொண்டுவரலாமா என்று நான் போய்க் கேட்க வேண்டும்!

வாசலில் மேளம். பெண்ணும் மாப்பிள்ளையும் சத்திரத்திலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும் மேளக்காரர் நிறுத்திவிட்டார். அந்த அம்மாள் ஓடிவந்து, படியேற விடாமல், தெருவிலேயே என் காலில் விழுந்தாள்.

"என் புள்ள வாழ்க்கைம்மா! இப்பத்தாம்மா தாலி ஏறிச்சு! உன் கையால கெடுத்துடாதம்மா!"

"இது என் வூடுங்க" என்றேன்.

"உன் வூடுதாம்மா. யாரு இல்லன்னாங்க? இன்னிக்கி ஒரு நாளும்மா!"

அந்தப் பெண் பந்தலுக்குக் கீழே நின்றிருந்தாள். பதினெட்டு பத்தொன்பது வயசு இருக்கும். புது மஞ்சள் கயிறு ஈரம் காயவில்லை. என்னைப் பார்த்ததும் அதைக் கையால் பொத்திக்கொண்டாள். உள்ளே பெட்டியில் இருக்கிறவள் மேல் எனக்கும்தானே நம்பிக்கை? முந்தாநாள் நெற்றியில் மஞ்சள் பூசிக்கொண்டவள் இன்றைக்கு அதெல்லாம் பொய் என்று படியேறிவிட முடியுமா? இந்தப் பெண்ணுக்கு நாளைக்கு ஒன்று ஆனால் தெரு யாரைச் சொல்லும்? வந்த வழியே திரும்பிவிட்டேன். எனக்குப் பின்னால் கொஞ்ச நேரம் கழித்து மேளம் மறுபடியும் ஆரம்பித்தது.

சாயப்பட்டறை ஆட்கள்தான் கடன்பட்டவர்கள் போல வந்து நின்றார்கள். பட்டறைக்குப் பின்னால் நூல் உலர்த்துகிற களத்தில் அவரைக் கிடத்தினோம். அன்றைக்குக் கொடியில் போட்டிருந்த நூலையெல்லாம் அள்ளிவிட்டு இடம் செய்தார்கள். தொட்டிக்குப் பிடித்து வைத்த தண்ணீரில் குளிப்பாட்டினார்கள். ஒரு பையன்கூட அன்று வேலைக்குப் போகவில்லை. என்னை உட்கார வைக்கத்தான் இடமில்லை. கவிழ்த்துப் போட்ட ஓர் அண்டா மேல் உட்கார்ந்தேன். அங்கிருந்தே ஆற்றங்கரைக்கு எடுத்துப் போய்விட்டார்கள். சொந்த வீடு இருந்தும், மாஸ்டரைப் போலவே அவரும் வெளியிலிருந்தேதான் போனார்.

பந்தல் பிரித்த பிறகு வீட்டுக்கு வந்தேன். அவர்கள் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துவிட்டுத்தான் போயிருந்தார்கள். அதில் குறை சொல்ல முடியாது. கூடத்தில் அவர் தலையணைகளை ஓர் ஓரமாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

கருமாதி முடிந்து சில நாட்களில் அந்த அம்மாள் நாலு பேரோடு வந்தாள். பூ, தேங்காய், புதுக் கலசம். என் வெறும் கழுத்தைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதம்மா. அவ பூவோட போனவ. தாலி அறுத்த வூட்டுல அவளை வெக்கிறது மொறை இல்ல. அழைச்சிகினு போலாம்னு வந்தோம்."

"வூடு கட்டி முடிச்சிட்டீங்களா?"

"எங்கம்மா முடியுது. தளம் அப்படியேதான் கீது. மனையில ஓரமா தகரத்துல ஒரு கொட்டாய் போட்டுட்டோம். ரெண்டே நாளு வேலை. அவளுக்கு அது போதும்."

கலசத்துக்கு நீர் சேந்த நான் கயிற்றைப் பிடித்தேன். "நீ வேணாம்மா" என்று மெல்ல என் கையிலிருந்து வாங்கி, பக்கத்து வீட்டுச் சுமங்கலியிடம் கொடுத்தாள். என் கிணற்றிலிருந்து அவள் சேந்திக் கொடுத்தாள். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

தகரக் கொட்டாய். இரண்டு நாள் வேலை. அதை அந்தத் தை பிறப்பதற்குள் போட்டிருந்தால் அவர் கூடத்தில் படுத்திருப்பார்.